மசாஜ் நிலையத்துக்கு யார் உரிமம் தருகிறார்கள்?

பெங்களூரில் மசாஜ் நிலையம் தொடங்குகிறவருக்கு மசாஜ் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. அங்கே வேலைக்குச் சேருகிறவர் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆனால் இந்திரா நகர், கோரமங்களா, எச்எஸ்ஆர் லேஅவுட், கம்மனஹள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் ஸ்பா பலகைகள் தென்படுகின்றன. நாளிதழைப் பிரித்தால் ‘ஸ்பாவில் போலீஸ் ரெய்டு’ என்ற செய்தி அடிக்கடி வருகிறது. இரண்டையும் பார்க்கிறவருக்குச் சில கேள்விகள் எழுவது இயல்பு. இது சட்டப்படியான தொழில்தானா? யார் அனுமதி தருகிறார்கள்? நம் கட்டடத்தை இதற்கு வாடகைக்கு விட்டால் வம்பு வருமா? கழுத்துவலிக்கு அங்கே போகலாமா?

சட்டப்படியான தொழில்தான். ஆனால் மசாஜுக்கென்று கர்நாடக சட்டமன்றம் தனிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. நான்கைந்து பொதுச் சட்டங்கள் இந்தத் தொழிலைத் தொடுகின்றன. கடையை மாநகராட்சி பார்க்கிறது. வேலையாட்களின் பதிவைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. வரியை ஜிஎஸ்டி அலுவலகமும் குற்றத்தைப் போலீசும் பார்க்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரின் உடம்பைத் தொட்டுச் செய்யும் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க மட்டும் யாரும் இல்லை.

மாநகராட்சி தரும் உரிமம்

முதல் தாள் வணிக உரிமம். எல்லோரும் ‘ட்ரேட் லைசென்ஸ்’ என்றே சொல்கிறார்கள். பல ஆண்டுகளாக இதைக் கொடுத்துவந்தது பெங்களூரு பெருநகர மாநகராட்சியான பிபிஎம்பி, அதிலும் அதன் சுகாதாரப் பிரிவு. இப்போது பிபிஎம்பி இல்லை. 2024ஆம் ஆண்டின் கிரேட்டர் பெங்களூரு நிர்வாகச் சட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நகரம் மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. அவற்றுக்கு மேலே முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட கிரேட்டர் பெங்களூரு ஆணையம் இருக்கிறது. ஆகவே இன்று ஸ்பா தொடங்குகிறவர், தன் கடை எந்த மாநகராட்சி எல்லைக்குள் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படுவது பெரும்பாலும் இடத்தைப் பற்றித்தான்: வாடகை ஒப்பந்தம், சொத்துவரி ரசீது, என்ன தொழில், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் ஓடுகிறது. குப்பையும் கழிவுநீரும் எங்கே போகின்றன என்பது சுகாதார ஆய்வாளரின் கவலை. குடியிருப்புப் பகுதியில் சாலையின் அகலமும் ஒரு கேள்வியாக வரும். 40 அடிக்குக் குறைவான தெருக்களில் வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால், உள்தெரு வீடுகளின் மாடியில் நடக்கும் பல நிலையங்கள் இந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கின்றன. உரிமம் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக் கணக்கில் தரப்படுகிறது. காலத்தில் புதுப்பிக்காவிட்டால் அபராதம் உண்டு.

அடுத்தது தொழிலாளர் துறையில் செய்யும் பதிவு. 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டப்படி, கடை தொடங்கிய 30 நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும். வேலை நேரம், வார விடுமுறை, சம்பளப் பதிவேடு எல்லாம் இதன் கீழ் வருகின்றன. பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்ற விதி 2024இல் சட்டத் திருத்தமாகவே வந்துவிட்டது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். அழகு மற்றும் உடல்நலச் சேவைகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது.

இத்தனை தாளும் கையில் இருந்தாலும், மேசையில் படுத்திருப்பவரின் முதுகில் கை வைக்கப்போகிறவருக்கு என்ன தெரியும் என்று எந்த அதிகாரியும் கேட்டிருக்க மாட்டார்.

அப்படிக் கேட்பது ஏன் முக்கியம்? மசாஜ் பெரும்பாலும் தீங்கில்லாதது. ஆனால் எல்லா உடம்புக்கும் அப்படி இல்லை. காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருப்பவருக்கு அந்தக் காலை அழுத்திப் பிசைந்தால், கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கலாம். நீண்ட விமானப் பயணம் முடித்தவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இந்த அபாயம் அதிகம். ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அழுத்தமான மசாஜ் உள்ளே ரத்தம் கசியவைக்கும். எலும்புத் தேய்மானம் உள்ள முதியவரின் விலா எலும்பு முறியலாம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கெடுப்பது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் கழுத்து வழியாகத்தான் போகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். பயிற்சி பெற்ற ஒருவர் மேசையில் படுக்கவைக்கும் முன்னால் இதையெல்லாம் கேட்டுவிடுவார். பயிற்சி இல்லாதவருக்குக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது.

பயிற்சிக்கு வழி இல்லாமல் இல்லை. தேசியத் திறன் கட்டமைப்பின் கீழ் அழகு மற்றும் உடல்நலத் துறைக்கான திறன் கவுன்சில், ‘ஸ்பா தெரபிஸ்ட்’ என்ற வேலைக்கே பாடத்திட்டமும் தேர்வும் வைத்திருக்கிறது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச், உடல்நல மையங்களுக்கும் தருகிறது. இரண்டும் விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் இருப்பதுதான் குறை.

சிகிச்சை என்று சொன்னால் வேறு சட்டம்

ஸ்பாவுக்கும் சிகிச்சை நிலையத்துக்கும் நடுவே சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. வாசகர்கள் பலருக்கு இது தெரியாது. நோயைக் கண்டறிந்து மருத்துவம் செய்யும் எந்தத் தனியார் இடமும் 2007ஆம் ஆண்டின் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு அதிகாரம் மாவட்டத் துணை ஆணையர் தலைமையிலான குழுவிடம் இருக்கிறது. ஆயுர்வேத கிளினிக், பிசியோதெரபி மையம், பஞ்சகர்மா நிலையம் எல்லாம் இதில் அடங்கும். அங்கே அந்தந்தத் துறையில் தகுதி பெற்றவர் இருந்தாக வேண்டும்.

மல்லேஸ்வரத்திலும் ஜெயநகரிலும் மருத்துவர் மேற்பார்வையில் ஒழுங்காக நடக்கும் ஆயுர்வேத நிலையங்கள் உண்டு. அதே நகரத்தில் வெறும் ட்ரேட் லைசென்ஸை வைத்துக்கொண்டு ‘மூட்டுவலி குணமாகும்’, ‘பக்கவாதத்துக்குச் சிறப்பு எண்ணெய் மசாஜ்’ என்று எழுதிவைக்கும் இடங்களும் உண்டு. மன இறுக்கம் குறையும் என்று சொல்வது வேறு. நோய் தீரும் என்று சொன்ன நிமிடத்திலிருந்து அந்தக் கடை மருத்துவ நிறுவனத்துக்கான பதிவைக் காட்டியாக வேண்டும்.

பக்கத்து மாநிலமான கேரளம் இதில் கொஞ்சம் முன்னே போனது. ஆயுர்வேதம் சுற்றுலாவோடு சேர்ந்து வளர்ந்து, கடற்கரைதோறும் மசாஜ் குடிசைகள் முளைத்தபோது, ஆயுர்வேத மையங்களுக்கு உரிமம் வழங்க 2007இல் தனிச் சட்டமே இயற்றியது. கேரளச் சுற்றுலாத் துறை தரமான மையங்களுக்குத் தர அடையாளம் தருகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர் பலகையில் அந்த அடையாளத்தைப் பார்த்தே எந்த மையம் எப்படி என்று தெரிந்துகொள்ள முடிகிறது. பெங்களூரு வாடிக்கையாளருக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை.

போலீஸ் எதற்கு வருகிறது?

மசாஜ் நிலையத்துக்கென்று தனியாகப் ‘போலீஸ் லைசென்ஸ்’ ஒன்றைக் கர்நாடகச் சட்டம் கேட்பதில்லை. போலீஸ் வருவது 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின் கீழ். மகாதேவபுரம் பகுதியில் 2024 ஜனவரியில் மத்தியக் குற்றப்பிரிவு ஒரு ஸ்பாவில் சோதனை நடத்தி 44 பெண்களை மீட்டதாக வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நடவடிக்கைகள் எல்லாமே இந்தச் சட்டத்தின்படி நடப்பவை.

இதில் எது குற்றம், எது குற்றமில்லை என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. பாலியல் தொழில் விடுதி நடத்துவது குற்றம். முதல்முறை தண்டனை பெறுகிறவருக்கு ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை சிறை. ஆள் பிடித்துக் கொடுப்பது அதைவிடப் பெரிய குற்றம். கடத்தி வந்து கட்டாயப்படுத்தியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் ஆள்கடத்தல் பிரிவும் சேரும். ஆனால் வயது வந்த பெண் தன் விருப்பத்தோடு செய்யும் பாலியல் தொழில் தன்னளவில் குற்றமில்லை. உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. சோதனையின்போது அந்தப் பெண்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது, ஊடகங்கள் அவர்கள் முகத்தை வெளியிடக் கூடாது என்றும் சொன்னது.

வாடிக்கையாளர் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. வெறும் வாடிக்கையாளராகப் போனவர்மீது இந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் பொருந்தாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2025இல் வேறு விதமாகப் பார்த்தது. நிலையத்தில் இருப்பவர் 18 வயது நிரம்பாதவர் என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும். அப்போது எந்தத் தயவும் கிடையாது.

சோதனைக்கும் முறை இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் நுழையும் அதிகாரம் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரிக்கு உண்டு. ஆனால் அதற்கான காரணத்தை அவர் எழுதிவைக்க வேண்டும். அந்த வட்டாரத்தைச் சேர்ந்த மதிப்புள்ள இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இரண்டு பெண் போலீசாராவது உடன் வர வேண்டும். ஸ்பா நடத்துகிறவர்களும் அங்கே வேலை செய்கிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி வரும் அதிகாரிக்கு ஒத்துழைப்பது கடமை. முறை தெரிந்திருந்தால், சோதனை என்ற பெயரில் பணம் பறிக்க வருகிறவரை அடையாளம் காண்பதும் எளிது.

கட்டட உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தன் இடம் பாலியல் தொழில் விடுதியாகப் பயன்படுகிறது என்று தெரிந்தே வாடகைக்கு விடுவதும் குற்றம். இரண்டாண்டு வரை சிறை. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்புவது எளிதில்லை. அந்த இடத்தில் சோதனை நடந்து விடுதி என்று கண்டறியப்பட்டதாக, உரிமையாளர் வசிக்கும் பகுதியில் விற்கும் நாளிதழில் செய்தி வந்துவிட்டால், அவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது அவர் பாடு. பள்ளி, கோயில், மருத்துவமனை, ஹாஸ்டல் ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் இடமென்றால், மாஜிஸ்திரேட் அதைக் காலி செய்ய உத்தரவிடலாம். பிறகு ஓராண்டுக்கு அவர் ஒப்புதல் இல்லாமல் அதை வேறு யாருக்கும் வாடகைக்கு விட முடியாது. சிறார் மீட்கப்பட்டிருந்தால் மூன்றாண்டு.

இந்த நிலையங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பெங்களூரு ஸ்பாக்களில் வேலை செய்கிறவர்களில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் நிறையப் பேர். ஊரில் வேலை இல்லாமல், ஏஜெண்ட் வழியாக வந்து, நிலையத்தார் தரும் அறையில் தங்கி, சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். ஒரு தெருவில் ஒரு கடையில் ரெய்டு நடந்தால், அந்தத் தெருவில் நேர்மையாக மசாஜ் செய்து பிழைக்கும் மற்ற பெண்களையும் சேர்த்தே அக்கம்பக்கம் பேசுகிறது. வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்கிறார். ‘மீட்கப்பட்ட’ பெண் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டு, விசாரணை முடியும்வரை காப்பகத்தில் வைக்கப்படலாம். அந்தக் காவல் மூன்று வாரத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை காப்பகத்தில் இருக்க உத்தரவிடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வயது வந்த பெண்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைத்திருக்கிறார்களா என்று எல்லாக் காப்பகங்களையும் ஆய்வு செய்யும்படி உச்ச நீதிமன்றம் 2022இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பெண்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பும் உண்டு. பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவுப் புகாருக்கு உள்புகார்க் குழு அமைத்தாக வேண்டும். பத்துக்கும் குறைவானவர்கள் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம். தொந்தரவு செய்தவர் வாடிக்கையாளராக இருந்தாலும் புகார் செல்லும். அசல் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் பூட்டிவைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181.

மற்ற ஊர்கள் செய்து பார்த்தவை

ஒழுங்குபடுத்த முயன்ற நகரங்களின் அனுபவம் பெங்களூருக்குப் பாடமாகும். டெல்லி அரசு 2021இல் ஸ்பாக்களுக்கு விரிவான வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்தான் மசாஜ் செய்ய வேண்டும், அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கூடாது, வேலை செய்கிறவருக்குச் சான்றிதழ் வேண்டும் என்று அதில் பல விதிகள் இருந்தன. எதிர்பாலினர் மசாஜுக்கான தடையை டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் நிறுத்திவைத்தது. பாலியல் வணிகத்தைத் தடுக்கும் நோக்கத்துக்கும் அந்தத் தடைக்கும் பொருத்தமான தொடர்பு இல்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை.

தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. ஸ்பாக்களிலும் மசாஜ் நிலையங்களிலும் சிசிடிவி கேமரா வைக்க வேண்டும், மூடிய அறைகள் கூடாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் உத்தரவிட்டார். சில வாரங்களிலேயே, 2022 ஜனவரியில், திருச்சி ஸ்பா ஒன்றின் வழக்கில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வேறு நிலை எடுத்தார். ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது ஒருவரின் உடல்சார்ந்த உரிமையையும் அந்தரங்கத்தையும் மீறுவதாகும் என்றார். என் பார்வையில் பின்னது சரியானது. வாசலிலும் வரவேற்பிலும் கேமரா இருக்கட்டும். ஆடை களைந்து படுத்திருக்கும் அறையில் கேமரா இருந்தால், அந்தப் படம் எங்கே போகும் என்பதற்கு யார் பொறுப்பு? அப்படி மறைவாகப் பெண்ணைப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றமும்கூட.

வெளிநாட்டில் இரண்டு உதாரணங்கள் போதும். சிங்கப்பூரில் 2018 மார்ச் முதல் மசாஜ் நிலையங்களுக்கென்றே தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் தருவது போலீஸ். உரிமமில்லாமல் நடத்தினால் 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். இடத்தை வாடகைக்கு விட்டவருக்கும் பொறுப்பு உண்டு. ஜப்பானில் உரிமம் ஆளுக்குத் தரப்படுகிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு படித்து, தேசியத் தேர்வு எழுதித் தேறியவர்தான் மசாஜைத் தொழிலாகச் செய்யலாம். அங்கே பார்வையற்றவர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் தொழில் இது. அவர்கள் பிழைப்பைக் காக்க, பார்வையுள்ளோருக்கான மசாஜ் பள்ளிகளின் எண்ணிக்கையைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

பெங்களூருக்குத் திரும்பினால், கைபேசிச் செயலி வழியாக வீட்டுக்கே வந்து மசாஜ் செய்யும் சேவை அங்கே பரவிவிட்டது. இதில் கடையே இல்லை, எனவே ட்ரேட் லைசென்ஸ் பார்க்கும் அதிகாரி அதைத் தொடுவதே இல்லை. அறிமுகமில்லாத வீட்டுக்குள் தனியாகப் போகும் பெண்ணின் பாதுகாப்பு செயலி நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பியே இருந்தது. 2025இல் கர்நாடகம் இயற்றிய கிக் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், செயலி வழியே வேலை செய்கிறவர்களுக்கு நலநிதியையும் குறைதீர்க்கும் வழியையும் தருகிறது. அது அவருக்குக் கொஞ்சம் பிடிமானம்.

ஐந்து புதிய மாநகராட்சிகளும் தங்கள் துணைவிதிகளை வகுக்கும்போது மசாஜ் நிலையங்களுக்குத் தனி அத்தியாயம் எழுத வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம், வாடிக்கையாளரிடம் உடல்நிலை கேட்டு எழுதிவைக்கும் படிவம், துண்டும் விரிப்பும் ஒவ்வொருவருக்கும் மாற்றும் சுகாதார விதி, வாசலில் உரிம எண், அந்த எண்ணை யாரும் இணையத்தில் சரிபார்க்கும் வசதி ஆகியவை அதில் இருந்தால் நேர்மையாக நடத்துகிறவருக்கு மரியாதை கிடைக்கும், மற்றவரைப் பிரித்துப் பார்க்கவும் முடியும். ஐந்து மாநகராட்சியும் ஐந்து விதமாக எழுதிவிடாமல் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது இவ்வளவுதான். மசாஜுக்குப் போகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தில் இந்த ஆண்டு இருக்கிறதா, கடையின் பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மசாஜ் செய்பவர் உங்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, மாத்திரைகள், அறுவைச் சிகிச்சை பற்றி எதுவும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கழுத்தைச் சொடுக்க விடாதீர்கள். கட்டடம் வைத்திருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் என்ன தொழில் என்பதை எழுத்தில் வாங்குங்கள், தொழில் தொடங்கியபின் ட்ரேட் லைசென்ஸின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலையத்தில் யாரையேனும் கட்டாயப்படுத்தி வைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், வாட்ஸ்அப் குழுவில் போடாமல் 112க்கு அழையுங்கள்.